ஒருவரையும் இழக்காத படை

உலக யுத்த வரலாற்றில் ஒரு தடவைகூடத் தோற்காத படை ஒன்றே ஒன்றுதான். அது மலையோரச் சேமக் காலாட்படை. அதன் முகாம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கண்ணாமுனை என்ற கிராமத்தில், என் அம்மாவின் காணியில் இருக்கிறது.

இப்படியொரு பெருமை தன் காணிக்குக் கிடைத்திருப்பதை அம்மா நீண்ட காலம் உணரவில்லை. காணியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சேமப் படை என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் போகும் படை களைத்துப்போனால் இறக்குவதற்காகப் பின்னால் வைத்திருக்கும் படைதான் சேமப் படை. முன்னால் போனவர்கள் களைக்காவிட்டால் இவர்கள் பின்னாலேயே இருப்பார்கள். நூற்றிருபத்தைந்து வருடமாக இந்தக் கடமையிலிருந்து எங்கள் படை ஓரடியும் முன்னால் விலகியதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் படையின் வரலாற்றைத் தமிழில் எழுதியவள் நான். ஆறு பலகைகளில், நீல வர்ணத்தில்.

அந்த வாய்ப்பைக் கொண்டுவந்தவர் சுதாகரன் அண்ணன். முன்பு கலியாண வீடுகளில் படம் பிடித்தவர். இப்போது முகாமில் 'சமூக இணைப்பு மொழிபெயர்ப்பாளர்'. நாங்கள் குடியிருக்கும் பெரியம்மா வீட்டுப் பின்பத்திக்கு, சுவரோடு சாய்த்து இறக்கிய அந்தத் தாழ்ந்த ஒற்றையறைக்கு, ஒருநாள் காலையில் வந்தார்.

"மேர்சி அக்கா, ஒங்கட சின்ன மகள்ட எழுத்து அச்சடிச்ச மாதிரி இரிக்கி. கோயில் அறிவித்தல் பலகையில பாத்தன். மேஜர் சேர் அப்பிடி ஒரு ஆளத்தான் தேடுறார்."

"அவள் ஆக்களோட பேசமாட்டாளே தம்பி," என்றார் அம்மா. "அதாலதானே பள்ளிக்கூடத்தையும் விட்ட."

"பேசாத ஆளத்தான் அக்கா ஆமிக் காம்புக்கு விருப்பம்."

இவ்வாறு என் தகைமை உறுதிசெய்யப்பட்டது.

மேஜர் புதிதாக மாற்றலாகி வந்தவர். இளம் வயது. மிகவும் மரியாதையானவர், பூனைக்கும் வழிவிட்டுத்தான் நடப்பார். படையின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழாவைக் கிராமத்து மக்களோடு சேர்ந்து கொண்டாட விரும்பினார். விழாவில் இரண்டு அம்சங்கள். ஒன்று, வரலாற்றுக் கண்காட்சி. மற்றது, காணி கையளிப்பு. 'நல்லெண்ணத்தின் அடையாளமாக' எங்கள் காணியை எங்களுக்கே அன்பளிப்பாகத் தருவது என்று முடிவாகியிருந்தது.

முதலில் வரலாறு.

சுதாகரன் அண்ணன் சிங்களத்தில் இருந்ததை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலாம் பலகை: மலைநாட்டுத் தேயிலைக் கந்தோர்களில் வேலை செய்த எழுதுவினைஞர்கள் சிலர், சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியாத காரணங்களால் ஒன்றுகூடி அணிவகுத்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவர்களுக்குத் தொப்பி கொடுத்தார். படை பிறந்தது.

இரண்டாம் பலகை: முதலாவது படையெடுப்பு. கடலோரப் பட்டணத்தில் புகைவண்டி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை அடக்கப் படை ஆயத்தமாகி, புகைவண்டி நிலையத்துக்கு வந்தது. வேலைநிறுத்தம் என்பதால் புகைவண்டி வரவில்லை. நான்கு நாட்கள் மேடையிலேயே நிலைகொண்டு, ஐந்தாம் நாள் வெற்றியோடு வீடு திரும்பியது.

மூன்றாம் பலகை: உலக மகாயுத்தம். படை ஒரு கடற்கரையைக் காத்தது. எதிரியின் விமானம் ஒன்று அதற்கு மேலாகப் பறந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காயமுற்றோர்: ஒருவர், சமையற்காரர், குரங்கு கடித்து.

ஒவ்வொரு பலகையின் அடியிலும் சிவப்பு வர்ணத்தில் ஒரு வரி எழுதவேண்டும் என்பது மேஜரின் கட்டளை. 'இழப்புகள்: இல்லை.' விழா வாயிலுக்கு மேலே கட்டும் பெரிய பதாகைக்கும் அவரே வாசகம் தந்தார். 'ஒருவரையும் இழக்காத படை.'

"எழுத்து பெரிசா இரிக்கணுமாம்," என்றார் சுதாகரன் அண்ணன். "வாவிக்கு அங்கால நிண்டாலும் தெரியணுமாம்."

அங்கால நின்றாலும் தெரியும்படிதான் எழுதினேன்.

நான்காம் பலகையில் எங்கள் குடும்பமும் வரலாற்றில் நுழைகிறது. இரண்டாயிரத்தேழில் யுத்தம் எங்கள் கரையைக் கடந்து போனது. முன்னணிப் படைகள் தெருவால் போய், ஏழு நாள் கழித்து, சமையல் கிடாரங்களோடும் பாய்களோடும் சேமப் படை வந்து சேர்ந்தது. நான் எழுதிய வாசகம் இது: 'முப்பத்தொரு தென்னை, மூன்று மாமரம், நன்னீர்க் கிணறு, ஓட்டு வீடு ஆகியவை அடங்கிய கேந்திர நிலையம் எதிர்ப்பெதுவுமின்றிக் கைப்பற்றப்பட்டது.'

எதிர்ப்பு இருக்கவில்லை என்பது உண்மை. எதிர்க்க வேண்டியவர்களில் அப்பாவும் அம்மாவும் கோயில் மண்டபத்தில் பருப்புச் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். அக்கா டினோஷாவுக்கு வயது நான்கு. நான் கைக்குழந்தை. என் பங்குக்கு நான் அழுதிருக்கலாம். பலகையில் அதற்கு இடமில்லை.

ஐந்தாம் பலகை, படையின் இன்றைய பணிகள். யுத்தம் முடிந்துவிட்டதால் படைக்கு வேலை கூடிவிட்டது. எங்கள் வீட்டு விறாந்தையில் சலூன் நடத்துகிறது. முன்னறையில் தேநீர்க் கடை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கத்தரியும் பயிற்றையும் விளைவித்து, எங்கள் தென்னையில் தேங்காய் பறித்து, எங்களுக்கே சலுகை விலையில் விற்கிறது. அசையாமல் இருக்கும் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்கிறது. கல்லுக்கு வெள்ளை, கிணற்றுக் கட்டுக்கு வெள்ளை, தென்னை மரங்களுக்கு முழங்கால் உயரத்துக்கு வெள்ளை. அம்மா சந்தைக்குப் போகும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்.

"எல்லா மரத்துக்கும் வெள்ளக் காற்சட்டை போட்டிரிக்கானுகள்," என்பார். "பள்ளிக்கூடப் பொடியன்மார் மாதிரி."

ஆறாம் பலகை, தற்போதைய ஆளணி. அதிகாரிகளும் சிப்பாய்களுமாக மொத்தம் 212. இந்த இலக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி, காணி.

எங்கள் பக்கத்தில் பெண்தான் வீட்டுக்காரி. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். கத்தோலிக்கரானாலும் சைவரானாலும் முஸ்லிம்களானாலும் வாவியைச் சுற்றி இதுதான் வழக்கம். அக்காவுக்கு ஜெனிஸ்டன் அத்தானைப் பேசி ஒரு வருடமாகிறது. கல்லடியில் படகு இயந்திரம் திருத்துகிறவர். அமைதியானவர். அவருடைய தாய் அவ்வளவு அமைதியில்லை.

"பொண்ண எங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி," என்றார் பத்திக்குள் குனிந்து வந்து. நிமிர இடமில்லாததால் குனிந்தபடியே கேட்டார்: "வீடு எங்க கா?"

"வீடு இரிக்கி," என்றார் அம்மா. "அதுக்குள்ள ஆமி இரிக்கி."

"அப்ப என்ட மகன் ஆமியிலயா சேர்ற?"

சாம்பல் புதனுக்கு முதல் கலியாணம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கலியாணம் இல்லை. அதற்குப் பிறகு காத்திருக்கத் தனக்கு மனமில்லை என்பதை அவர் சொல்லவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதில் எங்களுக்கு விளங்கிவிட்டது.

அதனால் காணி கையளிப்பு என்றதும் அக்கா மூன்று தடவை முழங்காலில் நின்று செபித்தாள். நாலாம் தடவை நிற்பதற்குள் சுதாகரன் அண்ணன் படிவத்தோடு வந்தார்.

"எல்லாம் சரி அக்கா. குடும்பத் தலைவர்ர கையெழுத்து மட்டும் வேணும்."

"காணி என்ட பேரில கிடக்கு," என்றார் அம்மா. "எங்கட அம்மா எனக்கு எழுதித் தந்தது. காணி உறுதியப் பாருங்க."

"அது ஓம். ஆனா படிவத்தில காணிக்காரர் எண்டு கேக்கல்ல. குடும்பத் தலைவர் எண்டுதான் ஒரு பெட்டி கிடக்கு. பெட்டி வெறுமையா இரிந்தா மேல போகாது."

"அதுக்குள்ள என்ட பேர எழுதுங்க."

"தலைவி எண்டு பெட்டி அடிக்கல்லயே அக்கா. ஒண்டில் டொமினிக் அண்ணன்ட கையெழுத்து, இல்லாட்டி அவர்ர மரணச் சான்றிதழ். அதுக்கும் விண்ணப்பம் நான் கொண்டுவந்திரிக்கன். 'என் கணவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன்' எண்டு கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அம்மா படிவத்தை அவரிடமே நீட்டினார்.

"அவர் செத்தத ஆர் கண்ட?"

அப்பா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாயிரத்தெட்டு மார்ச் மாதம் பதினைந்தாம் திகதி காலையில் முகாமுக்குப் போனார். வீட்டுக்குள் அம்மாவின் தையல் மெசின் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்குச் சட்டை தைக்க ஊரில் நாலு பேர் துணி தந்திருந்தார்கள். மெசினைக் கேட்டு வாங்கிவரப் போனார். இரண்டு நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக அம்மா சொல்வார்.

படையிடம் இதுபற்றி விசாரிக்கப்பட்டது. படை மிகத் தெளிவாகப் பதில் சொன்னது. 'அப்படி ஒருவர் எமது முகாமுக்கு வரவில்லை.' பிறகு விசாரிக்க வந்தவர்களை விசாரிக்க இன்னொரு குழு வந்தது. அதற்கும் அதே பதில். இதுவரை நான்கு குழுக்கள். ஒரு சொல்கூட மாறவில்லை. பதினேழு வருடம் ஒரே பதிலில் உறுதியாக நிற்பது எவ்வளவு பெரிய ஒழுக்கம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழுக்களுக்குப் போகும் கடிதங்களை நான்காம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறவள் நான். அதனால் அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லாவிட்டாலும் அவருடைய அடையாள அட்டை இலக்கம் மனப்பாடம். 447 என்று முடிந்து, பின்னால் ஓர் ஆங்கில வீ எழுத்து.

அன்று பத்திக்குள் அக்காவும் அம்மாவும் முகம் பார்க்காமல் பேசினார்கள்.

"அம்மா, அப்பா செத்திட்டார் எண்டு நான் சொல்லல்ல. நீங்களும் சொல்ல வேணாம். அந்தத் தாள் சொல்லட்டும். தாள்தானே."

"ஒரு தாளுக்குத்தான்டி பதினேழு வருசமா நடக்கிறன்."

"எனக்கு இருவத்திரெண்டு வயசு. இந்தப் பத்திக்குள்ள இன்னும் எத்தின வருசம் குனிஞ்சு நடக்கிற?"

அம்மா அடுப்பை ஊதினார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"சரி," என்றார். "வைக்கிறன். விழாவண்டு வந்து வைக்கிறன் எண்டு சொல்லு."

மேஜர் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார். மேடையிலேயே கையெழுத்திட்டால் படம் பிடிக்க வசதி என்றார்.

விழா நாள் காலை ஏழு மணிக்கு நான் முகாமுக்குப் போனேன். காத்தான்குடி இப்றாஹிம் காக்கா வாடகைக் கதிரைகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். சுதாகரன் அண்ணன் அவரோடு தகராறு.

"முன்னூறு கதிரை சொன்ன நான் காக்கா. இருநூறுதான் இரிக்கி."

"தம்பி, ஆமி விழாவுக்கு முன்னூறு பேர் இருந்து நான் பாத்ததில்ல. மிச்சத்த நிக்க வைங்க. உங்களுக்குத்தான் நிக்க வைக்கத் தெரியுமே."

அந்த நேரத்தில் ஒரு பேரிடர். கண்காட்சியின் நடுநாயகமாக இருக்கவேண்டிய பித்தளை ஊதுகுழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சார்ஜன்ட் அதை ஊதிப் பார்த்ததால் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய மேலுதடு பதாகையைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது. இந்தப் படைக்கு மகாயுத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட முதலாவது காயம் அதுதான்.

கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் புறப்பட்டுவிட்டார். கண்ணாடிப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. "பழையதாக ஏதாவது கொண்டுவா" என்று மேஜர் சத்தமிட, சார்ஜன்ட் களஞ்சியத்துக்கு ஓடி, தடித்த புத்தகம் ஒன்றைத் தூசு தட்டிக்கொண்டு வந்தார்.

வாயிற் பதிவேடு. இரண்டாயிரத்தேழு முதல் இரண்டாயிரத்தொன்பது வரை.

மேஜரின் முகம் மலர்ந்தது. படையின் ஒழுக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வாயிலுக்குள் நுழைவது எதுவாக இருந்தாலும் எழுதவேண்டும், வெளியேறினால் அந்த நேரத்தையும் எழுதவேண்டும் என்பது தேயிலைக் கந்தோர்க் காலத்திலிருந்து வரும் வழக்கம். எழுதுவினைஞர்கள் தொடங்கிய படை அல்லவா? துப்பாக்கியை மறந்துவிட்டுப் போனாலும் பேனையை மறக்கமாட்டார்கள்.

"வடிவான கையெழுத்து உள்ள பக்கமாப் பாத்துத் திறந்து வையாம்," என்றார் சுதாகரன் அண்ணன், கதிரைகளைப் பார்த்தபடியே. "அந்தப் பக்கத்தில இரிக்கிறத தமிழ்ல ஒரு அட்டையில எழுதிப் பக்கத்தில வை. ஆக்களுக்கு விளங்கணும்."

சிங்களம் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். பேச வராது. தமிழிலும் அப்படித்தான்.

வடிவான கையெழுத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். தேடாத ஒன்று வந்து நின்றது. முதலில் கண்ணில் பட்டது சிங்களம் அல்ல, இலக்கம். 447. வீ. பிறகுதான் பெயரை எழுத்துக்கூட்டினேன்.

அட்டையை எடுத்தேன். முதலாவது அட்டை பழுதாகிவிட்டது. இரண்டாவதில் திருத்தமாக எழுதினேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

'15.03.2008.
பாண் வண்டி. உள்ளே 6.30. வெளியே 6.40.
ஆடு, மண்ணிறம். நோக்கம்: கீரை. உள்ளே 7.40. வெளியே 7.55, துரத்தப்பட்டது.
தபால்காரர். உள்ளே 8.15. வெளியே 8.20.
டொமினிக். நோக்கம்: தையல் மெசின். அடையாள அட்டை (…447 வீ) பெறப்பட்டது. உள்ளே 9.10. வெளியே
நாய்கள், இரண்டு. உள்ளே 10.05. வெளியே 10.06.'

சார்ஜன்ட் வீங்கிய உதட்டோடு வந்து கண்ணாடி மூடியைப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பையில் போட்டார். என் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். எழுத்து அழகாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு விழா ஆரம்பமானது. பிரதம விருந்தினர் பேசினார். இந்த மண்ணில் இப்போது எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. பிறகு ஊர்ச் சனங்கள் வரிசையாகப் பலகைகளைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி, மேடைக்கு முன்னால் போகவேண்டும் என்று ஏற்பாடு.

கண்ணாடிப் பெட்டியடியில் வரிசை நின்றுவிட்டது. யாரோ சத்தமாக வாசித்தார்கள்.

"பாருங்கடா, ஆட்டுக்கும் நேரம் போட்டிரிக்கானுகள்!"

"ஆர்ர ஆடு அது? பெரியம்மாட ஆடாத்தான் இரிக்கும். அதுக்குக் கீரை எண்டா உசிர்."

சிரிப்பு எழுந்தது. மேடையிலிருந்த மேஜரும் மக்களின் மகிழ்ச்சியைக் கண்டு சிரித்தார். பிறகு வாசித்தவர் அடுத்த வரிக்குப் போனார். தபால்காரரைத் தாண்டினார். அதற்குப் பிறகு அவருடைய சத்தம் கேட்கவில்லை. சிரிப்பும் ஒருவர் பின் ஒருவராக நின்றது. சனம் விலகி, பின்னால் நின்ற அம்மாவுக்கு வழிவிட்டது.

அம்மா கறுப்புக் கரைச் சேலை உடுத்திருந்தார். கையில் விண்ணப்பம். அட்டையை வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேல் விரலை வைத்து, சிங்கள எழுத்துகளுக்கு நடுவே அந்த இலக்கத்தை, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒன்பது இலக்கம். ஒரு வீ.

ஒலிபெருக்கியில் சுதாகரன் அண்ணன் கூப்பிட்டார்: "அடுத்ததாக, அமரர் டொமினிக்கின் பாரியார்…"

"ஆர் அமரர்?" என்றார் அம்மா.

ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"மேர்சி அக்கா, இஞ்சால மேடைக்கு வாங்க, சேர் காத்திட்டிரிக்கார்."

"சேர இஞ்ச வரச் சொல்லுங்க. இந்தப் புத்தகத்தில என்ட மனுசன் உள்ள வந்திரிக்கார். வெளிய போகல்ல. அப்ப உள்ளதானே இரிக்கார்? குடும்பத் தலைவர்ர கையெழுத்து வேணும் எண்டு கேட்ட நீங்கதானே. கூப்பிடுங்க. வந்து வைக்கட்டும்."

மேஜர் என்னவென்று கேட்டார். சுதாகரன் அண்ணன் வேர்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில், அம்மா கண்காட்சியைப் பாராட்டுகிறார் என்று சொன்னார். மேஜர் நெஞ்சில் கைவைத்து நன்றி தெரிவித்தார்.

ஆனால் பிரதம விருந்தினருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, கண்ணாடி அணிந்து, பக்கத்தை வாசித்தார். மேஜரும் வந்து வாசித்தார். அவருடைய முகத்திலிருந்து மரியாதையைத் தவிர மற்ற எல்லாம் வடிந்து போயின.

சார்ஜன்ட்தான் நிலைமையைச் சமாளித்தார். வீங்கிய உதட்டால் கடகடவென்று சொன்னதைச் சுதாகரன் அண்ணன் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"அது எழுத்துப் பிழையாம் அக்கா. அவர் வெளிய போயிரிப்பாராம். அண்டைக்குக் கடமையில நிண்டவர் நேரம் எழுத மறந்திரிப்பாராம். வேலை கூடின நாளாம்."

அம்மா கண்ணாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. இரண்டு வரி மேலே நகர்த்தினார்.

"ஆட்டுக்கு எழுதியிரிக்கி," என்றார்.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். இரண்டு நாய்களுக்கும் எழுதியிருந்தது.

சேமப் படை வேகமாக இயங்கி நான் பார்த்தது அன்றுதான். குடும்பத் தலைவர் பெட்டியை மேஜர் தன் பேனையாலேயே வெட்டினார். உறுதியில் அம்மாவின் பெயர் இருக்கும்போது மற்றவர் கையெழுத்து எதற்கு என்று அவரே சுதாகரன் அண்ணனைக் கோபித்துக்கொண்டார். மரண விண்ணப்பம் மடிக்கப்பட்டு யாருடைய பைக்குள்ளோ போனது. காணிப் பத்திரம் அம்மாவின் கையில் வைக்கப்பட்டது. படம் பிடிக்கவில்லை. கேக் வெட்டவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு மேசைவிரிப்பு விழுந்தது.

"சேர் கேக்குறார் அக்கா," என்றார் சுதாகரன் அண்ணன், தாழ்ந்த குரலில். "காணி கிடைச்சிட்டுத்தானே. மகள்ட கலியாணத்தப் பாருங்க. அந்தப் பழைய புத்தகத்த இதோட விடுவமா எண்டு."

அம்மா பத்திரத்தை ஒருமுறை வாசித்தார். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று இருந்த இடத்தில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பக்கத்தில், 'குறிப்புகள்' என்ற இடத்தில், நிதானமாக எழுதினார்: 'காணி கிடைத்தது. ஆள் இன்னும் தரப்படவில்லை.'

"இதையும் மாத்திச் சொல்லாம அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க," என்று பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

புத்தகம் அன்று மத்தியானமே 'பாதுகாத்துப் பேணுவதற்காக' மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அட்டை என்னிடம் இருக்கிறது. பழுதாகிப்போன முதலாவது அட்டையும் இருக்கிறது.

ஒரு கிழமைக்குள் படை எங்கள் காணியிலிருந்து பின்வாங்கி, பக்கத்து முந்திரித் தோட்டத்தை எதிர்ப்பெதுவுமின்றிக் கைப்பற்றியது. நாங்கள் வீட்டுக்குள் போனோம். விறாந்தைச் சுவரில் சலூன் கண்ணாடி அப்படியே இருந்தது. களஞ்சிய அறையில், கொடிகள் தைத்த துண்டுத் துணிகளுக்கு நடுவே அம்மாவின் தையல் மெசின் இருந்தது. அதற்கும் வெள்ளை அடித்து இலக்கம் போட்டிருந்தார்கள். அம்மா அதற்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அக்காவின் கலியாணச் சட்டையை அதிலேயே தைத்தார். சாம்பல் புதனுக்கு நாலு நாள் முதல் ஜெனிஸ்டன் அத்தான் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறினார். வெள்ளைக் காற்சட்டை போட்ட தென்னைகள் வரிசையில் நின்று வரவேற்றன.

மேஜருக்கு மாற்றலாகிவிட்டது. ஆனால் என் மேல் படைக்குக் கோபமில்லை. எழுதச் சொன்னதை எழுதினேன், திறக்கச் சொன்னதைத் திறந்தேன். அதனால் போன கிழமை சார்ஜன்ட் மறுபடியும் ஆளனுப்பினார். ஆறாம் பலகை மழையில் கரைந்துவிட்டதாம். புதிய வாயிலில் மாட்ட வேண்டும், அதே எழுத்தில் எழுதித் தரவேண்டும்.

போனேன். பதாகை இந்த வாயிலுக்கு மேலேயும் அப்படியே தொங்கியது. 'ஒருவரையும் இழக்காத படை.' நன்றாக யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் ஒருவரையும் இழக்கவில்லை. வர்ணத்தைக் கலக்கி, பலகையைத் துடைத்து, தற்போதைய ஆளணியை எழுதி முடித்தேன்.

சார்ஜன்டுக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும். உதடு இப்போது வற்றிவிட்டது. பலகைக்கு முன்னால் வந்து நின்று, தலையைச் சரித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பிழை. இருநூத்திப் பன்னிரண்டு. நீ பதின்மூண்டு போட்டிருக்கு."

அந்த முகாமுக்குள் இத்தனை நாளும் நான் வாய் திறந்ததில்லை.

"பிழையில்ல சேர்," என்றேன். "ஒங்கட புத்தகத்தப் பாத்துத்தான் எழுதினன்."